பிள்ளைக் கனம்

கொற்றந்துறையில் பிள்ளைகள் கனக்கத் தொடங்கியதற்கு முந்தின பங்குனியில், கடலுக்கடியில் சங்குப்பூக்கள் சலங்கை கட்டிக்கொண்டன. சங்குப்பூ என்றால் பூவல்ல. தாய்ச்சங்கு மணலில் நட்டுவைத்துவிட்டுப் போகிற முட்டைக்கூடு, கிடாக்கொம்பு மாதிரி முறுக்கி, அறை அறையாகத் தடுத்து, ஒவ்வோர் அறைக்குள்ளும் சங்குக் குஞ்சுகளை அடுக்கி வைத்திருப்பது. கையில் எடுத்தால் ஈரத்தோல் பைபோலச் சத்தமில்லாமல் துவளும் என்பதுதான் கஸ்பார் சங்கு குளிக்கத் தொடங்கிய நாளிலிருந்து கண்டது. அன்றைக்கு அவன் விரல் பட்டதும் அது கிலுகிலுத்தது. தண்ணீருக்குள் கேட்கிற சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரியாது, தன் மண்டைக்குள்ளிருந்தே வருவதுபோலத்தான் இருக்கும் என்பதால், காதுதான் அடைத்துவிட்டதென்று மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தான், அடைப்பு இல்லை. நீரோட்டம் வந்து போகும்போதெல்லாம், பார் என்று அவர்கள் சொல்லும் அந்தக் கடலடித் திட்டு முழுக்க, ஆயிரம் சங்குப்பூக்கள் ஒருசேர ஆடி, பூசையில் பீடத்தருகே கிலுக்குகிற மணிக்கொத்து மாதிரி ஒலித்தன.

வள்ளத்தில் ஏறி ஒரு பூவைக் கத்தியால் கீறிப் பார்த்தபோது, நெல்மணிப் பருமனில் சங்குக் குஞ்சுகள் பலகையில் உருண்டன. செம்பு நிறத்தில் சில, ஈய நிறத்தில் சில, பித்தளை மஞ்சளில் சில. எல்லாம் உயிருள்ளவை. தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டன, விட்டால் மெல்லத் தலைநீட்டி ஊர்ந்தன. ஓடு மட்டும் சுண்ணாம்பு ஓடில்லை.

கஸ்பாரின் கூட்டாளி தொபியாஸ், கஸ்பாரின் மனைவி பிரகாசிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எதையும் கடித்துப் பார்த்துத்தான் நம்புகிறவன். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான்.

"மாப்ள, பல்லு போச்சு."

"அது போன திருநாளைக்கே ஆடிட்டுல்லா இருந்துச்சு, மச்சான்."

"ஆடுன பல்லுன்னாலும் எம்பல்லு" என்று துப்பிவிட்டு, தொபியாஸ் அந்தக் குஞ்சை வெயிலில் பிடித்துப் பார்த்தான். பல் தடம்கூட விழவில்லை.

ஊர் அதிசயப்படவில்லை. வடக்கே அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் இருந்தது, தெற்கே கப்பல்கள் அழுக்கு கழுவுகிற துறைமுகம் இருந்தது, நடுவில் எத்தனையோ வருஷமாக நிறம் மாறிக்கொண்டிருந்த கடல் இருந்தது. கறுத்த மீனும் கண்ணில்லாத நண்டும் வலையில் வந்தபோது அதிசயப்பட்டு முடித்திருந்த ஊர், பித்தளைச் சங்கைப் பார்த்ததும் இதுவாவது அழகாக வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது.

ஆடி பிறந்தபோது அந்தக் குஞ்சுகள் உள்ளங்கைக் குழியில் அடங்குகிற அளவுக்கு வளர்ந்திருந்தன. அந்த அளவில்தான் ஒரு சிக்கல். சங்கு எடுக்கிறவர்களுக்கு ஒரு வளையம் உண்டு. எடுத்துவந்த ஒவ்வொரு சங்கையும் அந்த இரும்பு வளையத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் விழுந்தது கடலுக்கு, வளையத்தில் நின்றது கரைக்கு. சின்ன உயிரைக் கரையேற்றக் கூடாது என்பது கொற்றந்துறையில் சட்டம் மட்டுமல்ல, சத்தியமும்கூட. வளையத்தை ஏமாற்றினவனுக்கு அந்த ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். சங்கு டிப்போவின் எழுத்தர் பித்தளைச் சங்கை வளையத்தில் போட்டார். அது ணங்கென்று ஒலித்து உள்ளே விழுந்தது.

"கடலுக்கு" என்றார் எழுத்தர்.

"சார், இது சங்கே இல்ல, பாத்திரம்" என்றான் கஸ்பார். "பாத்திரத்துக்கு எதுக்கு சார் வளையம்?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள், எழுத்தரும் சிரித்தார், சிரித்த கையோடு பேத்திக்கென்று இரண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விளையாட்டாகச் சொன்ன சொல் அன்று மாலைக்குள் ஊரின் வழக்காகிவிட்டது.

ஏனென்றால் அந்த ஊருக்கு ஒரு பழைய குறை இருந்தது. ஞானஸ்நானம் முடிந்து வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு முதல் வாய்ப் பாலைச் சங்கில்தான் புகட்ட வேண்டும். பிள்ளை வாய்க்குப் பொருந்துகிற சின்னச் சங்கோ வளையத்துக்குள் விழுகிற சங்கு. அதனால் சங்கு விளைகிற ஊர்க்காரர்கள், சங்கையே பார்த்திராத ஊர்க்காரர்கள் மாதிரி, பாத்திரக் கடைக்குப் போய் எவர்சில்வர் சங்கடை வாங்கி வந்துகொண்டிருந்தார்கள். இப்போது கடலே சங்கடை செய்து அனுப்பியிருக்கிறது. உள்ளிருந்த பூச்சியை எடுத்துவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, வீட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். கஸ்பாரும் பிரகாசியும் ஆவணியில் பிறந்த தங்கள் மகள் ஒலிவாவுக்கு அதில்தான் பால் புகட்டினார்கள். கிலுகிலுப்பைக்குப் பதிலாகத் தொட்டிலில் ஒரு சங்குப்பூ தொங்கியது. பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டே தூங்கியது.

பிள்ளைகள் கனத்தார்கள். அங்கன்வாடி ஜோஸ்பின் டீச்சர் எடைத்தூளியில் போட்ட ஒவ்வொரு பிள்ளையும் முள்ளைக் கடைசி வரைக்கும் தள்ளியது. மாவட்டத்திலேயே எடை குறைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லாத ஒரே ஊர் என்று ஓர் அதிகாரி வந்து, பந்தல் போட்டு, தாய்மார்களுக்குச் சால்வை போர்த்தினார். பரிசு பெற்ற பிள்ளையை மேடையில் தூக்கிக் காட்ட முயன்றவர், முடியாமல், பக்கத்தில் குனிந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "நல்ல சதைப்பற்று" என்றார், இடுப்பைப் பிடித்தபடி.

அது வெறும் கனமில்லை என்று கண்டது பிரகாசிதான். கண்ட இடம் பேருந்து. கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனி வண்டி ஓட்டுகிற அவள் தம்பி, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும், கூட்டி வா என்று சொல்லியிருந்தான். மடியில் பிள்ளையோடு ஏறினாள். ஊர் எல்லையில் சிலுவை நிற்கிற குருசடியைத் தாண்டும்போது தண்ணீர்க்குடம் மாதிரி இருந்த பிள்ளை, உப்பளம் தொடங்கியபோது நெல்மூட்டை ஆனது, உப்பளத்தின் நடுவில் ஆட்டுக்கல் ஆனது, பிரகாசியின் தொடை மரத்துப் போனது, இருக்கையின் இரும்புக் கால் முனகியது, பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே ஓடியது.

"யம்மா, மடியில என்ன வச்சிருக்க?" என்று வந்தார் கண்டக்டர்.

"பிள்ள."

"பிள்ளையா அம்மியா? லக்கேஜ் போட்டிருக்கணுமே."

"நீரே தூக்கிப் பாத்துட்டுப் போடும்."

கண்டக்டர் பையைத் தோளுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தார், நிமிர்ந்தார், வண்டியை நிறுத்த விசில் ஊதினார். உப்பளத் தொழிலாளர்கள் எட்டுப் பேர் சாக்கை விரித்துப் பிள்ளையை அதில் இறக்கி இழுத்தார்கள். கடலைப் பார்த்து இழுக்க இழுக்கக் கனம் குறைந்தது. எட்டுப் பேர் நாலு பேரானார்கள், நாலு பேர் இரண்டு பேரானார்கள், குருசடியருகே பிரகாசி தனியாகவே இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒலிவா வழியெல்லாம் சாக்கில் படுத்துச் சிரித்துக்கொண்டே வந்தது.

மறுநாள் ஊரின் தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக உப்பளம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். பித்தளைச் சங்கில் பால் குடித்த எந்தப் பிள்ளையும் உப்பளத்தைத் தாண்டவில்லை.

சங்குகளை ஓலைப்பெட்டியில் சேர்த்துப் பங்குச் சாமியார் மந்திரிக்க, கடலிலேயே கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒன்றும் மாறவில்லை. வளையத்தின் முன்னால் சொன்ன அந்த ஒரு சொல்லை கஸ்பார் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தான். தான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருப்பார்கள்தான், ஆனால் அதனால் தன் பங்கு குறைகிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நாம அதுக்கு வளையம் வச்சோம்லா, மாப்ள" என்றான் தொபியாஸ். "இப்ப அது நமக்கு வைக்கு. சின்ன உருப்படியக் கரையேத்தாதேங்குது."

"வளர்ந்தா விட்டுருமா?"

"வளர்ந்தா இன்னும் கனக்கும்லா."

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை? தொட்டில் கட்டியிருந்த சேலைகள் கிழிந்ததும் நங்கூரக் கயிற்றில் கட்டினார்கள். உத்தரங்கள் வளைந்ததும் தொட்டிலையே விட்டுவிட்டு மணலில் பாய் விரித்தார்கள். மீன்பெட்டிக்குச் சக்கரம் பூட்டிப் பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் தடம் விழுந்தது, மழைக்கு அந்தத் தடங்கள் வாய்க்கால்கள் ஆயின, வாய்க்கால்களில் குரவை மீன்குஞ்சு ஓடியது. "எம்பேரனப் புரட்ட ரெண்டாள் வேணும்" என்று பெருமை பேசவும் ஆள் இருந்தது. பிள்ளைகளுக்கும் குறையொன்றும் தெரியவில்லை. தவழ்ந்தன, சிரித்தன, தட்டினால் குடம்போல ஒலித்தன. பெண்களின் இடுப்புதான் காலியாகிப் போயிற்று. கடைக்குப் போகும்போதும் தண்ணீருக்கு நிற்கும்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்று பழகிய இடுப்புகள், சாய்ந்து நின்று, அங்கே யாருமில்லை என்று கண்டு, மறுபடி நிமிர்ந்தன. 'தூக்கு' என்ற சொல் அந்த ஊரிலிருந்து மெல்லப் போய்விட்டது. கை தூக்கி அழுது பார்த்து, யாரும் எடுக்காததால் பிள்ளைகள் கை தூக்குவதை மறந்தன. பேச்சு வந்தபோது, அம்மாவுக்கு அடுத்து அவை சொன்ன சொல் 'தள்ளு'.

கடல் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து இந்துமதி என்ற பெண் வந்து தண்ணீரும் மணலும் எடுத்துப் போனாள், மறுபடி வந்தாள். பிரகாசி அவளுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

"உலகத்துப் புகையையெல்லாம் கடல் குடிச்சுக்கிட்டே இருக்குக்கா" என்றாள் இந்துமதி. "குடிச்சுக் குடிச்சு அதுல அமிலம் ஏறுது."

"புளிச்சுப்போச்சுன்னு சொல்லு."

"ஆமா, புளிச்சுத்தான் போச்சு. புளிச்ச தண்ணி அடிமணல்ல கிடக்குற உலோகத்தையெல்லாம் கரைச்சு எடுக்குது. ஓடு கட்ட சுண்ணாம்பும் கிடைக்கவிட மாட்டேங்குது. பெரிய சங்கு எப்படியாவது தாங்கிக்கிடும். குஞ்சு வளர்ற உடம்பு, வேணும் வேணும்னு இருக்கும். கிடைச்சத எடுத்துக் கட்டிக்கிடுது."

பித்தளைப் பானையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறிவிடும் என்பது பிரகாசிக்குத் தெரியும். ஈயம் பூசாத பாத்திரத்தில் அவள் மோர்கூட ஊற்றமாட்டாள். இத்தனை பெரிய பானையில் யார் புளியைக் கரைத்தது? யார் பித்தளையைப் போட்டது? அந்தப் பானையிலிருந்து யார் பிள்ளைக்கு ஊட்டியது?

"அந்தக் குஞ்சு மாதிரித்தான எம்மவளும் எடுத்துக்கிட்டா" என்றாள்.

இந்துமதி குனிந்து ஒலிவாவின் கன்னத்தைத் தொட்டாள். தூக்க முயலவில்லை. உடம்பில் ஏறிய உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க மதுரையில் மருத்துவம் இருக்கிறது, எலும்பு முற்றுவதற்குள் கொண்டுபோனால் பலன் உண்டு, முற்றிவிட்டால் சொல்ல முடியாது என்றாள். அவள் போன பிறகு பிரகாசி வெகுநேரம் காப்பித் தம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சு, பிள்ளையை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். மதுரைக்குப் போய்வரத் தோதாகத் தம்பி கோவில்பட்டியில் அறை பார்த்து வைத்திருந்தான், கஸ்பாருக்குக் கம்பெனியில் வேலைக்கும் சொல்லியிருந்தான். உப்பு லாரியில் ஏற்றிப் பார்த்தார்கள், லாரியின் வில்பட்டை முறிந்தது. தண்டவாளம் போடலாம் என்றான் ஒருத்தன். கோவேறு கழுதை கொண்டுவரலாம் என்றான் இன்னொருத்தன், கோவேறு கழுதையை யாரும் பார்த்ததில்லை என்றாலும்.

"தரை வழி இல்லேன்னா தண்ணி வழி" என்றாள் பிரகாசி ஒரு காலையில். "கடலப் பாத்துப் போனா கனம் குறையுதுல்லா? வள்ளத்துல சுத்திக்கிட்டுப் போய்த் துறைமுகத்துல இறக்கிருங்க. அங்க எந்தம்பி வண்டியோட நிக்கட்டும்."

கஸ்பாருக்கு அது நடக்கும் என்று தோன்றவில்லை. நடக்காது என்று சொல்லவும் வாய் வரவில்லை. தொபியாஸ் மோட்டாரைத் துடைத்தான். உருளைக்கட்டைகள் வைத்து ஒலிவாவின் பெட்டியை வள்ளத்துக்குள் உருட்டி ஏற்றியபோது, வழியனுப்ப வந்த ஊர் முழுக்கக் கரையில் நின்றது, ஒவ்வொருத்தி காலடியிலும் ஒரு மீன்பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிள்ளை. யாரும் கையசைக்கவில்லை. இவள் தாண்டினால் நாமும் தாண்டலாம் என்பது எல்லார் முகத்திலும் இருந்தது, அதைப் பார்க்க முடியாமல் கஸ்பார் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நினைத்தபடியே முதலில் நடந்தது. அலைவாய் தாண்டியதும் வள்ளம் ஒரு விரற்கடை மேலே வந்தது. மேலும் போகப் போக இன்னும் வந்தது. பிரகாசி பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இப்ப குடம் மாதிரி." "இப்ப பூசணிக்கா." சங்குப் பாருக்கு மேலே வந்தபோது அவள் பெட்டிக்குள் விட்ட கையை எடுக்கவே இல்லை. வள்ளம் நிற்காமல் போயிற்று. பாரைத் தாண்டியதும் பிள்ளை கொட்டாங்கச்சியானது, பிறகு பஞ்சானது, பிறகு பெட்டியை விட்டு மெல்ல எழும்பியது. பிரகாசி முந்தானையை அதன் இடுப்பில் சுற்றித் தன் மடியோடு இறுக்கிக் கட்டினாள்.

"அண்ணே, திருப்புங்க, பறந்துருவா போலுக்கு."

தொபியாஸ் துறைமுகத்தைப் பார்த்துத் திருப்பினான். வெளிச்சக்கம்பம் தெரிந்தது, கப்பல்களின் துரு தெரிந்தது, தம்பியின் வண்டி எங்கேயோ அந்தத் துறைமுகச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. முந்தானை தளர்ந்தது. பிள்ளை பெட்டியில் அமர்ந்தது. குடமானது, மூட்டையானது, ஆட்டுக்கல்லானது. வள்ளத்தின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது, தண்ணீர் உள்ளே வந்தது, கஸ்பார் வாளியால் இறைத்தான், தொபியாஸ் தலைப்பாகையை அவிழ்த்து இடுக்கில் அடைத்தான்.

"இன்னும் கொஞ்சந்தான, போங்க" என்றாள் பிரகாசி.

"ஏட்டி, முங்கிரும்."

"கரை தெரியுதுல்லா."

"தெரியுது. நாம அதுக்குத் தெரியணும்லா" என்றான் தொபியாஸ்.

பிரகாசி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது, யாரையும் பார்க்காமல், "சரி" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கஸ்பார் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தான். முன்னால் உப்பளம் ஒரு சுவர், பக்கத்தில் துறைமுகம் ஒரு சுவர், நடுக்கடலோ சுவரில்லாத சுவர். நடுவில் மணலில் பாய் விரித்ததுபோல ஓர் ஊர். வளையத்துக்குள் விழுந்தது சின்னப் பிள்ளைகள் மட்டும்தானா? வாளியைக் கீழே வைத்தான். வள்ளம் வந்த வழியே திரும்பியது. கனம் குறையக் குறைய, கஸ்பார் மறுபடி வாளியை எடுத்து உள்ளே நின்ற தண்ணீரை இறைத்தான். ஒலிவா தண்ணீரில் மிதந்த தலைப்பாகை நுனியைப் பிடித்து விளையாடிக்கொண்டு வந்தது.

பாருக்கு மேலே வந்தபோது பிரகாசி திடீரென்று, "நிறுத்துங்க" என்றாள்.

தொபியாஸ் மோட்டாரை அணைத்தான். சத்தம் அடங்கியதும் வள்ளத்தின் அடிப்பலகை வழியாக அது கேட்டது: கீழே வெகு ஆழத்தில், அந்த வருஷத்துச் சங்குப்பூக்கள் நீரோட்டத்தில் ஆடி ஆடிக் கிலுகிலுத்தன. பிரகாசி குனிந்தாள். இரண்டு அக்குளிலும் கை கொடுத்தாள். பழக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துத் தம் கட்டினாள். அந்தத் தம் தேவைப்படவில்லை. பிள்ளை வந்தது. ஒரு பிள்ளை எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனத்தோடு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், அவள் கையில் வந்தது. அவள் இடுப்பு தானாகச் சாய்ந்தது. பிள்ளை அந்தச் சாய்வில் உட்கார்ந்தது.

இன்றைக்கும் கொற்றந்துறைக்குப் போகிறவர்கள் சாயங்காலங்களில் அதைப் பார்க்கலாம். வலையுமில்லாமல் தூண்டிலுமில்லாமல் இருபது முப்பது வள்ளங்கள் பாருக்கு மேலே நங்கூரம் போட்டு நிற்கும், ஒவ்வொரு வள்ளத்திலும் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு சும்மா நின்றுகொண்டிருப்பாள். அதெல்லாம் பிறகு வந்தது. அன்றைக்கு அந்த ஒரு வள்ளம்தான்.

ஒலிவாவுக்கு அது பயமாக இருந்தது. நினைவு தெரிந்து அவ்வளவு உயரத்திலிருந்து அது எதையும் பார்த்ததில்லை. தாயின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. மூக்குத்தியைத் தொட்டது, காதைப் பிடித்து இழுத்தது, தோளுக்கு மேலே எட்டிக் கடலைப் பார்த்தது, பிறகு வீறிட்டு அழுதது. பிரகாசி பதறிப்போய் அதைப் பெட்டியில் இறக்கினாள். அழுகை நின்றது. பெட்டிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு இரண்டு கையையும் மேலே நீட்டியது. எதைக் கேட்கிறோம் என்று அதற்குத் தெரிந்தது, கேட்கிற சொல்தான் தெரியவில்லை. தனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னது.

"ம்மா, தள்ளு."

பிரகாசி தூக்கினாள். இறக்கினாள். "தள்ளு" என்றது. தூக்கினாள்.

வெயில் மேற்கே இறங்கத் தொடங்கியிருந்தது. தொபியாஸ் ஈரத் தலைப்பாகையைப் பிழிந்து முகத்தை மூடிக்கொண்டு வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் உட்கார்ந்திருந்தான். கஸ்பார் மோட்டார்க் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"கரைக்குப் போவமா?" என்றான், மெதுவாக.

"இருங்க" என்றாள் பிரகாசி. "இன்னொரு தடவ கேக்கட்டும்."